இரண்டு சொல் மருந்துச்சீட்டு

நோயாளிக்கு நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரைகள் இரண்டு. ஒன்று, "நல்லா ரெஸ்ட் எடு." இன்னொன்று, "நல்லா வாக்கிங் போ." நேரெதிரான இந்த இரண்டையும் ஒரே ஆள், ஒரே மூச்சில், ஒரே நோயாளியிடம் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர் சித்தப்பாவாகவோ எதிர்வீட்டு மாமியாகவோ இருந்தால் பிரச்சினை இல்லை. அன்பில் சொல்கிறார்கள், தலையாட்டிவிட்டு வரலாம். அதே வாக்கியத்தை மருத்துவர் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் கைகழுவல். இந்தக் கட்டுரை அந்தக் கைகழுவலைப் பற்றியது.

பேச எடுத்துக்கொள்வது ஒரே ஒரு நோயை. சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். ஸ்கிளிரோடெர்மா என்று சொன்னால் சிலருக்குத் தெரியலாம். கிரேக்க மொழியில் ஸ்கிளிரோஸ் என்றால் கடினமானது, டெர்மா என்றால் தோல். பெயர் தோலோடு நின்றுவிடுகிறது, நோய் நிற்பதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய்களில் இது ஒன்று. சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. கொலாஜன் தேவைக்கு மேல் உற்பத்தியாகி, தோலும் உள்ளுறுப்புகளும் ஆறிய தழும்பைப் போல இறுகுகின்றன. உணவுக்குழாய், நுரையீரல், இதயம், சிறுநீரகம் என்று எதுவும் விதிவிலக்கில்லை. பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். அதுவும் வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சுமக்கிற நடுவயதில்.

என் பெரியம்மா மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. அக்காவால் முழுதாகக் கைகூப்ப முடியாது. விரல்கள் பாதி மடங்கியபடி இறுகிவிட்டதால் உள்ளங்கைகள் ஒட்டாது, நடுவே ஒரு கூடு நிற்கும். மருத்துவர்கள் இதை ஒரு அறிகுறியாகவே குறித்துக்கொள்கிறார்கள். கல்யாண வீடுகளில் மற்றவர்கள் அதை வேறு மாதிரி குறித்துக்கொள்கிறார்கள்: "ஒழுங்கா ஒரு வணக்கம் வைக்கத் தெரியலை பாரு."

அவருடைய மருந்துச்சீட்டு ஒன்றைப் பார்த்தேன். ஏழு மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிகிராம், காலையா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை நாள் என்று தெளிவாக இருக்கிறது. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு சொல்: ரெகுலர் எக்சர்சைஸ். என்ன எக்சர்சைஸ்? எவ்வளவு நேரம்? எந்த வேகம்? மூச்சு வாங்கினால் நிறுத்தணுமா, தொடரணுமா? விரல் நுனியில் புண் இருக்கும் வாரத்தில் என்ன செய்வது? ஒன்றும் இல்லை. மைக்கோஃபினோலேட் மாத்திரைக்கு எதிரே "முடிஞ்சப்போ முடிஞ்ச அளவு சாப்பிடவும்" என்று எழுதியிருந்தால் நாம் சும்மா விடுவோமா? உடற்பயிற்சிக்கு மட்டும் எப்படி விடுகிறோம்?

விடுவதற்குக் காரணம், உடற்பயிற்சியை நாம் மருந்தாக நினைக்காததுதான். அதை ஒழுக்கமாக நினைக்கிறோம். செய்கிறவர் நல்லவர், செய்யாதவர் சோம்பேறி. ஒழுக்கத்துக்கு அளவு எழுத வேண்டியதில்லை, போதித்தால் போதும்.

*

முதலில் 'ரெஸ்ட் எடு' கட்சி.

இந்தக் கட்சிக்கு மருத்துவத்திலேயே நீண்ட வரலாறு உண்டு. 1950களின் தொடக்கம்வரை மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைப்பதுதான் வைத்தியம். பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும் அந்த நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 81 பேரின் அனுபவத்தை 1952ல் எழுதினார்கள். செய்தது நாற்காலியில் உட்கார வைத்தது மட்டும்தான். அதற்கே அன்று எதிர்ப்பு இருந்தது.

1966ல் டல்லாஸில் 20 வயதை ஒட்டிய, ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். உச்சபட்ச உழைப்பில் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று ஒரு கணக்கு உண்டு. மூன்றே வாரத்தில் அது கால் பங்குக்கு மேல் விழுந்தது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். 30 வருட மூப்பு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகம் என்று தெரிந்தது. அவர்களுக்கு எந்த நோயும் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுவது சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்த அழுத்தம் உள்ளவர்கள் உடம்பை வருத்தவே கூடாது என்பதுதான் நீண்டகால விதி. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 2006ல் 30 நோயாளிகளை வைத்து, மருந்தும் கண்காணிப்பும் சேர்ந்த பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கணிசமாகக் கூடியது. 2022ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், மருந்து எடுத்துக்கொள்ளும் நோயாளிகளுக்குக் கண்காணிப்போடு கூடிய பயிற்சியைத் தன் மிக உறுதியான பரிந்துரை வகையில் சேர்த்தது. தொடாதே என்ற இடத்திலிருந்து செய்தே ஆக வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறார்கள். 'கண்காணிப்போடு' என்ற சொல்லை மட்டும் யாரும் விழுங்கிவிடக் கூடாது.

ஓய்வு செய்வது என்ன என்று இன்ஜினியர் பாஷையில் சொல்கிறேன். களைப்பாக இருக்கிறது, படுக்கிறோம். படுத்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் நேற்று சாதாரணமாக ஏறிய மாடிப்படி இன்று அதிகச் சக்தி கேட்கிறது. அதனால் களைப்பு கூடுகிறது, மேலும் படுக்கிறோம். வெளியீடே உள்ளீடாகத் திரும்பி வந்து ஒவ்வொரு சுற்றிலும் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் சுழற்சி இது. மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் வரும் கீச்சுச் சத்தம் இப்படித்தான் உண்டாகிறது. சுற்றை எங்காவது வெட்டாமல் அது நிற்காது. ஆக, "அவளை ஒண்ணும் செய்ய விடாதீங்க, பாவம்" என்று அன்போடு சொல்பவர் அந்தச் சுற்றுக்கு மின்சாரம் கொடுக்கிறார்.

*

இனி 'வாக்கிங் போ' கட்சி. இதுதான் இன்று ஆளும் கட்சி.

இந்தக் கட்சியின் தேசிய கீதம் 10,000 ஸ்டெப்ஸ். இந்த எண் எந்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தும் வரவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965ல் ஜப்பானியக் கடிகார நிறுவனம் ஒன்று காலடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் மான்போகேய். பொருள், பத்தாயிரம் காலடி மீட்டர். விளம்பரத்துக்கு வைத்த பெயர் 60 வருடத்தில் மருத்துவ உண்மையாகிவிட்டது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. 8 கிலோமீட்டரைக் காலடியில் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ அதே பத்தாயிரம் வரும். நடப்பதற்குப் பாதை போடுவதை நான் குறை சொல்லவில்லை. நடைபாதையே இல்லாத ஊர்களில் அது நல்ல காரியம். என் கேள்வி, எல்லா உடம்புக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும் என்பதுதான்.

எங்கள் தொழிலுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. சாஃப்ட்வேரில் 'டீஃபால்ட் வேல்யூ' என்று ஒன்று உண்டு. பயனர் எதுவும் சொல்லாவிட்டால் நாம் வைத்துக்கொள்ளும் மதிப்பு. ஃபிட்னஸ் ஆப்கள் பலவற்றில் அது 10,000. கையில் பட்டை கட்டினால் அது எண்ணும், வட்டம் நிறைந்தால் வாழ்த்தும், தொடர்ந்து எத்தனை நாள் என்று கணக்கு வைக்கும், ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்குத் தள்ளும். ஐடி கம்பெனிகளில் வருடத்துக்கு ஒருமுறை ஸ்டெப் சேலஞ்ச் என்று டீம் டீமாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். பட்டியலின் கடைசியில் இருப்பவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவர் ஏன் கடைசி என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஆப்புக்குத் தெரிந்த நிலைகள் இரண்டுதான்: செய்தார், செய்யவில்லை. நேற்று 3,000 நடந்ததற்கு இன்று படுக்கையிலிருந்து எழ முடியாத உடம்பு ஒன்று இருக்கும் என்று அந்தத் தகவல் அமைப்பில் ஒரு பத்தி கூடக் கிடையாது. இடமே இல்லாததை எப்படிப் பதிவு செய்வது?

சரி, 'நட' என்கிறீர்கள். நடக்கிறவருக்கு என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்ப்போம்.

பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862ல் விவரித்த ஒரு கோளாறு, இந்த நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. குளிர் பட்டால், சில சமயம் மனம் பதறினாலே, விரல்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். விரல் வெளுக்கும், நீலமாகும், ரத்தம் திரும்பும்போது சிவந்து எரியும். "சென்னையில ஏதுங்க குளிர்?" என்று கேட்பார்கள். சென்னையில் குளிர் தெருவில் இல்லை, கட்டடங்களுக்குள் இருக்கிறது. ஏசி பஸ், ஏசி ஆபீஸ், ஏசி வங்கி. எல்லாவற்றையும்விடக் கொடுமை ஏசி ஜிம். உள்ளே நுழைந்ததும் குளிர்க்காற்று, பிடித்துத் தூக்கச் சொல்வது சில்லென்ற இரும்பு. ரேனோ உள்ளவருக்கு அந்த இரும்புக் கம்பி ஒரு ஐஸ் கட்டி. நீச்சல் போகலாமே என்றால், வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள குளம் எத்தனை இருக்கிறது?

யோகா? ஜூன் 21 அன்று நாடே பாய் விரிக்கிறது. எட்டு நாள் கழித்து ஜூன் 29, உலக ஸ்கிளிரோடெர்மா தினம். ஓவியர் பால் க்ளே 1940ல் இறந்த நாள் அது. அவருக்கு இருந்தது இந்த நோய்தான் என்று அவர் இறந்து பல காலம் கழித்துத்தான் கணித்தார்கள். அந்த நாளில் நம் ஊரில் பாய் விரிப்பவர் யாருமில்லை. யோகாவோடு எனக்குச் சண்டை இல்லை, கற்றுக்கொடுப்பவரின் அறியாமையோடுதான் சண்டை. இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு உணவுப் பாதை கெட்டிருக்கும். உணவுக்குழாயின் கீழ்க் கதவு சரியாக மூடாது, அமிலம் மேலே ஏறும். அவர்களைத் தலைகீழாக நிற்கவோ, வயிற்றை மடித்துக் குனியவோ சொன்னால் என்ன ஆகும்? உள்ளங்கையைத் தரையில் பதிக்கவே முடியாத ஒருவரிடம் சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று என்றால் எப்படி? "ஆட்டோ இம்யூன் எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது மேடம், சர்வாங்காசனம் பண்ணுங்க" என்று அக்காவிடம் ஒருவர் சொன்னார். அக்கா என்னிடம் கேட்டார்: "சோறு பிசைஞ்சு சாப்பிடவே விரல் மடங்க மாட்டேங்குது. இவர் என்னைத் தோள்ல நிக்கச் சொல்றாரு. நீயே சொல்லுடா, இதுல யாருக்கு மனசு சரியில்லை?"

இதற்கும் மேல், மூச்சு. நுரையீரல் இறுகியிருக்கிறதா, தமனி அழுத்தம் ஏறியிருக்கிறதா, இதயத்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்காமல் "வேகமா நடங்க" என்று சொல்வது கண்ணைக் கட்டி ரோட்டைக் கடக்கச் சொல்வது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆக்சிமீட்டரை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பீர்கள். ரத்தமே சரியாக ஓடாத விரலில் மாட்டினால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. அதனால்தான் இந்த நோயாளிகளுக்கு ஆறு நிமிட நடைச் சோதனை செய்யும்போது நெற்றியில் ஒட்டும் சென்சாரைப் பயன்படுத்துவது நல்லது என்கிறார்கள். இந்த ஒரு விவரம் தெரியாமல் கொடுக்கப்படும் எந்த அறிவுரையும் இந்த நோயைப் பற்றியதல்ல.

*

மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. பெயர் கிடையாது, ஆனால் பலமான கட்சி. "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே!"

நோயாளிகளில் பெரும்பான்மை பெண்கள் என்பதால் இந்த வாக்கியம் அடிக்கடி காதில் விழும். பாத்திரம் தேய்ப்பது, துணி பிழிவது, வீடு துடைப்பது எல்லாம் உடல் உழைப்புதான், சந்தேகமில்லை. பயிற்சிக்கும் உழைப்புக்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. பயிற்சியில் அளவு உங்கள் கையில் இருக்கும். இன்று பத்து நிமிடம், அடுத்த வாரம் பன்னிரண்டு, முடியாத நாளில் லீவு. வீட்டு வேலையில் அளவு சாப்பிட வருகிறவர்கள் கையில் இருக்கிறது. விரலில் புண் என்று சிங்க் நிறையக் கிடக்கும் பாத்திரம் காத்திருக்காது. காலையில் பச்சைத்தண்ணீரில் கை வைப்பதும், ஃப்ரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பதும் ரேனோவைக் கிளப்பிவிடும் காரியங்கள். நாளெல்லாம் இதில் சக்தி தீர்ந்து, மாலையில் நடக்கப் போக உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாதபோது அவருக்குக் கிடைக்கும் பட்டம், "டாக்டர் சொல்லியும் கேக்க மாட்டேங்கறா."

ஒரு வீட்டில் உடற்பயிற்சி நடக்க வேண்டுமென்றால் முதலில் வேறு யாராவது பாத்திரம் தேய்க்க வேண்டும். மருந்துச்சீட்டில் எழுதவேண்டிய முதல் வரி இதுவாகக்கூட இருக்கலாம். நோயாளியின் கணவரைப் பார்த்து இதைச் சொல்லும் மருத்துவரைக் கண்டால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், நேரில் போய்க் கைகுலுக்குகிறேன்.

*

"இவ்வளவு பேசுகிறாயே, உடற்பயிற்சியால் இந்த நோய்க்கு நன்மை உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்?" நியாயமான கேள்வி. ஆதாரம் உண்டு, ஆனால் மெலிந்த ஆதாரம். அது மெலிந்திருப்பதே ஒரு கதை.

பிரேசில் ஆய்வாளர்கள் 2009ல் எட்டு வார ஏரோபிக் பயிற்சி, இந்த நோயாளிகளுக்குப் பாதுகாப்பானது, பலன் தருவது என்று எழுதினார்கள். பயிற்சி செய்த நோயாளிகள் ஏழு பேர், அதுவும் நுரையீரல் கெடாதவர்கள். 2011ல் எடைப் பயிற்சியும் சேர்த்துப் பன்னிரண்டு வாரம், 11 பேர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2018ல், காலால் மிதிக்கும் சைக்கிளையும் கையால் சுழற்றும் பெடலையும் ஒப்பிட்டார்கள். விரல்களின் நுண் ரத்த ஓட்டத்துக்குக் கையால் சுழற்றியதுதான் அதிகம் உதவியது. இதுவும் சிறிய ஆய்வுதான், இருந்தாலும் "என்ன எக்சர்சைஸ்?" என்ற என் கேள்வி வீம்புக்கானதல்ல என்பதற்கு இது போதும். ரத்தம் வேகமாகப் பாயும்போது குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும், குழாய் விரியும். நுரையீரல் தமனி அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் வேலை செய்வதும் இதே நைட்ரிக் ஆக்சைடு பாதையில்தான். உடம்பு அசைவதும் ஒரு வேதியியல்தான்.

இப்போது இன்னொரு எண். இந்த நோயின் நுரையீரல் பாதிப்புக்கு நின்டெடனிப் என்ற மருந்தைச் சோதித்த ஆய்வு 2019ல் வெளியானது. 576 நோயாளிகள், 32 நாடுகள். அப்படித்தான் ஒரு மருந்தைச் சோதிக்க வேண்டும், அதில் குறையில்லை. ஆனால் ஏழு பேர் எங்கே, 576 பேர் எங்கே? நடைக்குக் காப்புரிமை கிடையாது. கையால் சுழற்றும் பெடலை யாரும் மாத்திரையாக்கி விற்க முடியாது. விற்க முடியாத மருந்துக்கு யார் கோடிகளைக் கொட்டி ஆய்வு செய்வார்கள்? அரசுகள் செய்ய வேண்டும். பிரான்சில் செய்தார்கள். 220 நோயாளிகள், ஒரு மாதம் தீவிரமான, ஆளுக்கேற்ற பிசியோதெரபி, பிறகு வீட்டில் தொடர வேண்டும். ஒரு மாத முடிவில் முன்னேற்றம் தெரிந்தது. 12 மாத முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு வித்தியாசம் மறைந்துவிட்டது.

இதைக் காட்டி, "பாத்தீங்களா, எக்சர்சைஸால பெரிசா ஒண்ணும் இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். கூடவே ஒரு ஆள் இருந்தவரை பலன் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பி நீயே பார்த்துக்கொள் என்றதும் மெல்லக் கரைந்தது. கனடாவிலிருந்து இயங்கும் ஸ்பின் என்ற ஆய்வு வலையமைப்பு, கைப்பயிற்சிகளை அழகாகத் தொகுத்து இணையத்தில் கொடுத்துப் பார்த்தது. பலன் தென்படவில்லை. முக்கியக் காரணம், கொடுக்கப்பட்டவர்களில் பலர் அதைப் பயன்படுத்தவே இல்லை. சாஃப்ட்வேர்க்காரனாகச் சொல்கிறேன், லிங்க் அனுப்புவது சிகிச்சை ஆகாது. எங்கள் தொழிலில் பயனர் தொடாத வசதியை அவர் தலையில் கட்டி, 'யூசர் எரர்' என்று கோப்பை மூடுவது பழைய வழக்கம். மருத்துவமும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

சோம்பேறித்தனம் என்ற பட்டத்துக்கும் அதே ஸ்பின் அமைப்பின் தகவலிலேயே பதில் இருக்கிறது. 752 நோயாளிகளிடம் கேட்டதில் ஏறத்தாழப் பாதிப் பேர் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னார்கள். இவ்வளவு தடைகளைச் சுமந்துகொண்டு பாதிப் பேர். எந்த நோயும் இல்லாத என் நண்பர் வட்டத்தில் பாதிப் பேர் செய்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உடற்பயிற்சி இந்த நோயைக் குணப்படுத்தாது. இறுகிய நுரையீரலை இளக்காது. மருந்துக்கு மாற்றாகாது. அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும் தள்ளிப் போங்கள். அது செய்யக்கூடியது, மிச்சமிருக்கும் உடம்பை முழுதாகப் பயன்படுத்த வைப்பது. மாடிப்படி ஏறுவது, சட்டைப் பட்டன் போடுவது, வாயை அகலத் திறந்து சாப்பிடுவது, பல் மருத்துவரிடம் போக முடிவது. இவற்றை அற்பம் என்று நினைப்பவர் ஒருநாள் கையுறை மாட்டிக்கொண்டு பட்டன் போட்டுப் பார்க்கட்டும்.

*

மருத்துவர்கள் தரப்பில் சொல்லப்படும் பதில் எனக்குத் தெரியும். "ஓபியில் நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம். இதில் உடற்பயிற்சி வகுப்பு எடுக்க முடியுமா?" முடியாதுதான். அரசு மருத்துவமனை ருமட்டாலஜி ஓபியில் ஒருநாள் நின்றவர் யாரும் அந்த மருத்துவரைத் திட்ட மாட்டார். ஆனால் யாரும் வகுப்பு கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனையை மருத்துவரா செய்கிறார்? எழுதிக் கொடுக்கிறார், லேப் செய்கிறது. அதேபோல் எழுதிக் கொடுங்கள், பிசியோதெரபிஸ்ட் செய்யட்டும். இரண்டு சொல்லுக்குப் பதில் எட்டு வரி.

என்ன எட்டு வரி? நுரையீரலும் இதயமும் எந்த அளவு உழைப்பைத் தாங்கும் என்று எக்கோவும் நுரையீரல் செயல்பாட்டுச் சோதனையும் சொல்வது ஒரு வரி. வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம். வேகத்துக்கு அளவு: பேச முடியணும், பாட முடியக் கூடாது. தசைக்கு ரப்பர் பட்டை, கம்பி வேண்டாம். விரலுக்கும் வாய்க்கும் தினசரி நீட்டல் பயிற்சி. ஸ்வீடனில் வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கியெடுத்துவிட்டுப் பயிற்சி செய்ததில், கை இன்னும் நன்றாக இளகியதாக 2004ல் எழுதியிருக்கிறார்கள். செய்யும் இடம் கதகதப்பாக இருக்கணும், கையுறையும் சாக்ஸும் போட்டுக்கொள்ளணும், சாப்பிட்டவுடன் கூடாது. நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு, வழக்கத்தை மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் வா. கடைசி வரி, மூன்று மாதம் கழித்து இந்தச் சீட்டைத் திருத்தி எழுதணும். நோய் மாறுகிறது, அளவும் மாறணும்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பான யூலார் 2023ல், லூபஸுக்கும் இந்த நோய்க்கும் மருந்தில்லாச் சிகிச்சைகளுக்கென்று தனியாகப் பரிந்துரைகள் வெளியிட்டது. உடற்பயிற்சி அதில் இருக்கிறது, ஆளுக்கேற்ப அமைய வேண்டும் என்பதும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கோடு நிற்காமல், நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கும் தனிப் பகுதி ஒதுக்கியது. அந்த இலக்கை எட்ட முடியாவிட்டாலும் கொஞ்சம் செய்வது ஒன்றும் செய்யாததைவிட மேல் என்று வெளிப்படையாகச் சொன்னது. 10,000 என்று மிரட்டும் ஆப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவது ஒரு பகுதி. ஆள் வருகிறார், வண்டி வருகிறது. பக்கவாதம் வந்தவருக்கு என்ன செய்யணும் என்று அவருக்குத் தெரியும். ஸ்கிளிரோடெர்மா என்றால் என்ன என்று ஒரு நாள் பயிற்சியும், ருமட்டாலஜி துறை எழுதிய அந்த எட்டு வரிச் சீட்டும் அவர் கையில் இருந்தால் போதும். புதுத் திட்டம், புதுப் பெயர், புதுத் திறப்பு விழா எதுவும் வேண்டாம். இது அரிய நோய், நோயாளிகள் கொஞ்சம் பேர்தான் என்பதை இதுவரை அலட்சியத்துக்குக் காரணமாகச் சொல்லிவந்தோம். கொஞ்சம் பேர்தான் என்றால் செலவும் கொஞ்சம்தான், இல்லையா?

நோயாளிகளுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை யாராவது "ரெகுலரா எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று எழுதிக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். மாத்திரைக்குக் கேட்பதுபோலவே கேளுங்கள்: எது, எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை தடவை, எப்போ நிறுத்தணும், யார் கத்துத் தருவாங்க? பதில் வராவிட்டால் பிசியோதெரபிக்கு ரெஃபரல் எழுதி வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார். பரவாயில்லை. மருந்தின் அளவைக் கேட்பது நோயாளியின் உரிமை, எழுதுவது மருத்துவரின் வேலை. அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.